பெரிபெரி முதல் சர்க்கரை நோய் வரை: குன்னூர் ஆய்வகமும் தமிழரின் சோறும்

உண்ட உணவு உடலுக்குள் உடைந்து ஆற்றலாகவும் தசையாகவும் கொழுப்பாகவும் மாறும் வேலைகள் அனைத்தையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறோம். பள்ளி அறிவியல் நூலில் இது ஒரு பத்தி. அதையொட்டிக் குறைபாட்டு நோய்களின் அட்டவணை ஒன்று வரும். வைட்டமின் ஏ, மாலைக்கண், பி1, பெரிபெரி, சி, ஸ்கர்வி, டி, ரிக்கெட்ஸ். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பெரிபெரியை அவர்களும் பார்த்ததில்லை, சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களான நாங்களும் பார்த்ததில்லை. ஆனால் அட்டவணையின் அந்த வரி உருவானதில் தமிழரின் சோற்றுப் பானைக்கு நேரடியான பங்கு உண்டு. அந்த ஆராய்ச்சியின் இந்தியத் தலைமையிடம் ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீலகிரி மாவட்டத்தில், குன்னூரில் இருந்தது. அதே சோறு இன்று வேறொரு நோயின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. இந்த இரண்டு நோய்களுக்கும் இடைப்பட்ட வரலாறே இக்கட்டுரை.

ஒரு பவுண்டு தானியம்

உணவுக்கும் உடலுக்கும் உள்ள கணக்கு சென்னை மாகாணத்தில் முதன்முதலாகக் கடுமையான விவாதமாக வெடித்தது தாது வருடப் பஞ்சத்தின்போது. 1877 சனவரியில் வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பஞ்ச நிவாரணச் செலவைக் குறைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும், அதன்மேல் அரையணாவும் போதும் என்று அவர் முடிவு செய்தார். அதுவரை கொடுக்கப்பட்டது ஒன்றரைப் பவுண்டு.

மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்தார். தென்னிந்தியர்களின் உணவு பற்றியும் சிறை உணவு பற்றியும் 1860களிலேயே எழுதியவர் அவர். சும்மா இருக்கும் உடலுக்கு வேண்டிய உணவு வேறு, உழைக்கும் உடலுக்கு வேண்டிய உணவு வேறு என்பது அவருடைய வாதம். தானியத்தோடு பருப்பு போன்ற தசை வளர்க்கும் உணவும் வேண்டும், இல்லாவிட்டால் உடல் தன்னையே தின்னத் தொடங்கும் என்று அவர் வலியுறுத்தினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் ஏராளமானோர் மடிந்திருந்தனர். டெம்பிள் தம் ஒரு பவுண்டுக் கணக்கை ஒரு சோதனை என்று குறிப்பிட்டார். சோதிக்கப்பட்டவர்கள் யார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

கார்னிஷ் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்து அறிவியலுக்கு எடையும் புரதமும் மட்டுமே தெரியும். வயிறு நிறையச் சோறு உண்டும் ஒருவர் உணவுக் குறைவால் சாக முடியும் என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

ஜாவாவின் கோழிகள்

பெரிபெரி என்பது காலில் மரமரப்பாகத் தொடங்கும் நோய். பின்னர் நடை தள்ளாடும். சிலருக்குக் கைகால் சூம்பும், வேறு சிலருக்கு உடல் வீங்கி மூச்சுத் திணறி இதயம் நின்றுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்காசியச் சிறைகளிலும் படைமுகாம்களிலும் கப்பல்களிலும் இது கொத்துக்கொத்தாக உயிர்களைப் பறித்தது. அது கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்ட காலம். ஆகவே பெரிபெரிக்கும் ஒரு கிருமியைத் தேடினார்கள்.

டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், பட்டேவியாவில் கிருமி தேடிக்கொண்டிருந்த கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவரின் ஆய்வகக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. சில மாதம் கழித்து அவை தாமாகவே தேறின. விசாரித்தபோது காரணம் சமையற்கட்டில் கிடைத்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்டவர் இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டுவந்திருக்கிறார். புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர்களின் அரிசியைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நின்றன. பிறகு அடால்ஃப் வோர்டர்மன் என்பவர் ஜாவாவின் 101 சிறைகளைக் கணக்கெடுத்தார். தவிடு நீக்கிய அரிசி போட்ட சிறைகளில் நோய் மலிந்திருந்தது. தவிடு ஒட்டிய அரிசி போட்ட சிறைகளில் அது மிக அரிது. எய்க்மன் முதலில் அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும் நினைத்தார். நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டோடு உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று 1901 இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரின்ஸ். இந்தப் பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரை 1912 இல் காசிமிர் ஃபங்க் வைத்தார். எய்க்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மலாயாத் தமிழர்களின் புழுங்கலரிசி

இந்த இடத்தில்தான் தமிழர்கள் வருகிறார்கள். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனர்களும், தோட்டங்களிலும் சாலை வேலைகளிலும் தமிழர்களும் உழைத்தனர். இருவருக்கும் முதன்மையான உணவு அரிசிதான். ஆனால் சீனர்கள் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் இறந்தனர், தமிழர்களிடம் அந்நோய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. அங்கே அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதற்கான காரணத்தைத் தேடி, 1907 இல் ஒரு நூலாக வெளியிட்டார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. இனமோ தட்பவெப்பமோ காரணம் அல்ல என்று அவர் கூறினார்.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் பலருக்கு நோய் கண்டது, இறப்பும் நேர்ந்தது. புழுங்கலரிசிப் பிரிவில் புதிதாக யாருக்கும் வரவில்லை. ஒப்புதல் கேட்கப்படாத மனிதர்கள் மேல் செய்த சோதனை இது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை அனுமதிக்காது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது என்ன நடக்கிறது? தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் என்னும் பி1 நீரில் கரையக்கூடியது. வெந்நீரும் ஆவியும் அதை அரிசியின் உட்பகுதிக்குள் கொண்டுசெல்கின்றன. மாவுச்சத்தும் இளகி, காய்ந்தபின் இறுகிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் தயமினில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே தங்கிவிடும். நம் முன்னோர் வைட்டமினை அறிந்து நெல்லை அவித்தார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். குத்தும்போது நொய் விழாது, பூச்சி எளிதில் பிடிக்காது, சோறு மறுநாள் வரை தாங்கும். இவைதான் அவர்களுக்குத் தெரிந்த காரணங்கள், அவை போதுமானவையும்கூட. பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசி, அன்றாடத்துக்குப் புழுங்கல் என்ற வழக்கம் ஒரு கொடிய நோயைத் தமிழ்நாட்டின் பெரும்பகுதியிலிருந்து தள்ளி வைத்திருந்தது.

குன்னூரில் ஒற்றை அறை

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்டது. 1918 இல் அதன் ஓர் அறையில் பெரிபெரி விசாரணை என்ற பெயரில் ஒரு சிறு பிரிவு அமைந்தது. அதற்குப் பொறுப்பேற்றவர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்துக்காரரான இவர் கில்கிட்டில் கழுத்துக்கழலை நோயை ஆராய்ந்தவர். குன்னூரில் புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் சத்து நீக்கிய அரிசியைக் கொடுத்து, நரம்பு மட்டுமின்றிக் குடலும் சுரப்பிகளும் எப்படிக் கெடுகின்றன என்று பார்த்தார். 1920களின் தொடக்கத்தில் அரசு சிக்கன நடவடிக்கையாக இந்தப் பிரிவை மூடிவிட்டது. 1925 இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1928 இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் என்ற பெயர் பெற்றது. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதன் தொடர்ச்சியே. இடமாற்றம் நடந்தது 1958 இல்.

இந்தியாவில் பெரிபெரி எங்கே இருந்தது என்பதும் மலாயாக் கண்டுபிடிப்புக்குச் சான்றாக அமைந்தது. சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் பகுதியில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்போரிடம் அது நிலையாக இருந்தது. தெற்கே, புழுங்கலரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அது அரிது. ஒரே மாகாணம், ஒரே தானியம். நெல் வெந்நீரில் கிடந்ததா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு.

உடலுக்குள் நடப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சோற்றில் உள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. செல்லுக்குள் போன குளுக்கோசு பாதி உடைந்து பைருவேட் என்ற பொருளாகிறது. அது மேலும் எரிந்து முழு ஆற்றலைத் தர வேண்டுமானால் ஒரு நொதி வேலை செய்ய வேண்டும், அந்த நொதிக்குத் தயமின் துணை வேண்டும். தயமின் இல்லையென்றால் பைருவேட் அங்கேயே தேங்கும். அடுப்பில் விறகு நிறைய இருந்தும் காற்றுப் புகாமல் புகைவது போன்ற நிலை. மிகுதியாக ஆற்றல் செலவிடும் நரம்பும் இதயமும் முதலில் தவிக்கின்றன. 1930களில் ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்சு புறாக்களின் மூளையில் இதைக் காட்டினார். மாவுச்சத்து எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தயமினும் தேவைப்படும். சோற்றை மட்டும் நிறைய உண்பவருக்குப் பெரிபெரி வருவதன் புதிர் இதுதான்.

தயமினை 1936 இல் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் இராபர்ட் வில்லியம்சு என்ற அமெரிக்க வேதியியலாளர். இவர் பிறந்த ஊர் நெல்லூர். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. பெற்றோர் அங்கே கிறித்தவ ஊழியர்களாக இருந்தனர்.

மதராசி எலிகள்

மெக்காரிசனின் பெயரைப் பரப்பியது 1920களின் நடுவில் அவர் நடத்திய எலிச் சோதனை. ஒரே வயதும் எடையும் உள்ள இளம் எலிகளைப் பிரித்து, இந்தியாவின் ஏழு வட்டாரத்தாரின் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். சீக்கியர் உணவு உண்ட எலிகள் சராசரியாகச் சுமார் 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. வரிசையில் அடுத்தடுத்துப் பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவுகள். கடைசி இடம் மதராசி உணவுக்கு. எடை சுமார் 155 கிராம். சீக்கியர் உணவில் முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கள், அவ்வப்போது இறைச்சி இருந்தன. மதராசி உணவில் கழுவித் தீட்டிய அரிசி, கொஞ்சம் பருப்பும் காயும், தேங்காய், புளி, மிளகாய், காப்பி, மிகச் சிறிதளவு மோர். திருவாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்கு உணவைத் தின்ற எலிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பைப் புண் கண்டன.

இந்தச் சோதனை அந்நாளில் எல்லா இதழ்களிலும் பேசப்பட்டது. ஆனால் அதிலிருந்து இரண்டு வெவ்வேறு பாடங்கள் பெறப்பட்டன. ஒன்று, அரிசி தின்பவர் சோனி, கோதுமை தின்பவர் வீரர் என்ற பாடம். படைக்கு ஆள் எடுக்கும்போது வடக்கத்தியரே வீர இனத்தார் என்று முன்னரே நம்பிக்கொண்டிருந்த ஆட்சியாளர்களுக்கு இது இனிப்பாக இருந்தது. நம்மவர்களிலும் பலர் அதை நம்பினார்கள். கோதுமை சாப்பிட்டால் பலம் என்ற பேச்சு என் சிறுவயதிலும் இருந்தது. இந்தப் பாடம் தவறு. சோதனையில் மாறியது தானியம் மட்டும் அல்ல. பாலும் வெண்ணெயும் காயும் சேர்ந்தே மாறின. சீக்கிய உணவு என்று எடுத்துக்கொண்டது நிலமும் மாடும் உள்ள குடும்பத்தின் தட்டு. மதராசி உணவு என்று எடுத்துக்கொண்டது பெரும்பாலும் கூலிக்காரரின் தட்டு. தஞ்சாவூர் மிராசுதாரின் உணவை எலிக்குக் கொடுத்திருந்தால் வரிசை மாறியிருக்கும் என்பது என் கருத்து.

இரண்டாவது பாடமே சரியானது, மெக்காரிசனே அதைத்தான் வலியுறுத்தினார். ஒரு தானியத்தை மட்டும் மிகுதியாக உண்டு, அதன் குறையை நிரப்பப் பாலும் கீரையும் பருப்பும் இல்லாமல் போனால் உடல் தளரும், நோய் எளிதில் பிடிக்கும். பள்ளிகளுக்காகவே 1928 இல் உணவு பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதினார். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியின் வேதியியலாளர் பா. விசுவநாத்துடன் சேர்ந்து, தொழுவுரம் இட்ட நிலத்தில் விளைந்த தானியத்தின் சத்தையும் ஆராய்ந்தார்.

அட்டவணை எண் 23

1935 இல் மெக்காரிசன் ஓய்வு பெற, வாலஸ் அய்க்ராய்டு இயக்குநரானார். எலிக்கூண்டிலிருந்து ஆராய்ச்சி ஊர்த் தெருவுக்கு வந்தது இவர் காலத்தில். தென்னிந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பானையில் வேகுமுன் அரிசியையும் பருப்பையும் காயையும் நிறுத்துப் பார்த்தனர். தானியம் வயிற்றை நிரப்பியது. பால், பழம், கீரை பெயருக்குத்தான் இருந்தன. பல வீடுகளில் தானியமே போதவில்லை. விடுதிப் பிள்ளைகளின் கடைவாய் வெடித்துப் புண்ணாக இருப்பதைக் கண்டு, அது பி2 தொகுதி உயிர்ச்சத்துக் குறைவால் வருவது என்று அய்க்ராய்டும் கிருஷ்ணனும் எழுதினர். கடைவாய்ப்புண் கிராமப் பள்ளிகளில் நீண்ட காலம் சாதாரணக் காட்சி. அதைப் பல்லி எச்சம் பட்டதால் வந்தது என்று பாட்டிமார் சொல்வார்கள்.

அரிசி உண்ணும் பிள்ளைகளுக்கு அன்றாடம் கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கரைத்துக் கொடுத்தபோது அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட உயரமும் எடையும் கூடினார்கள். 1937 இல் வெளியான இந்த முடிவை மதராசி எலிகளுக்குச் சொன்ன மறுமொழியாகவே நான் பார்க்கிறேன். சோற்றை விடச் சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு குவளை பால் வைத்தார்கள்.

அதே ஆண்டில் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தரும் சிறு வெளியீடு வந்தது. சுகாதார வெளியீடு எண் 23 என்பது அதன் பெயர். முருங்கைக்கீரையில் எவ்வளவு சுண்ணாம்பு, கம்பில் எவ்வளவு இரும்பு என்று முதன்முதலில் நம் உணவுக்கு எண்கள் கிடைத்தன. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தம் துணைவர்களுடன் 1971 இல் இதை விரிவாக்கி வெளியிட்ட நூலை மருத்துவமனைகளும் மனையியல் கல்லூரிகளும் பல்லாண்டு கையில் வைத்திருந்தன.

1940 இல் அய்க்ராய்டும் குழுவினரும் இந்தியாவின் அரிசிச் சிக்கல் பற்றித் தனி அறிக்கை தந்தனர். ஊர்தோறும் பரவிய அரிசி ஆலைகள் அப்போது பெருங்கவலையாக இருந்தன. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934 இல் வார்தாவில் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் சார்பில் கைக்குத்தலரிசிக்காக ஓயாமல் எழுதினார். ஆலையால் சத்தும் போகிறது, உலக்கை பிடித்த பெண்களின் கூலியும் போகிறது என்பது அவர் கணக்கு. சத்து பற்றிய பகுதியைக் குன்னூர் ஆய்வுகள் உறுதி செய்தன. இருந்தும் ஆலைதான் வென்றது. விடியற்காலையில் உலக்கை பிடிக்கும் வேலையை எந்தப் பெண்ணும் விரும்பிச் செய்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பள்ளி மதிய உணவின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. 1920 இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் தொடங்கியது, 1956 இல் காமராசர் மாகாணம் முழுவதும் விரித்தது, 1982 சூலை 1 இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது, 1989 இல் கருணாநிதி முட்டை சேர்த்தது என்பவை பலரும் அறிந்தவை. சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற குன்னூர்க் கேள்விக்கு முட்டையும் பயறும் கொண்டைக்கடலையும் விடையாக வந்து சேர 50 ஆண்டுகள் ஆயின.

குறைவு போய் மிகுதி

1948 இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மோ. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது என்பர். அப்போது அது பணக்காரர் நோய். 1989 இல் சென்னையில் எடுத்த கணக்கில் வயது வந்தோரில் நூற்றுக்கு 8 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2004 இல் அது 14 ஆகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு 2023 இல் வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவாளர்கள் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர் என்றும் தெரிந்தது.

சென்னையில் நடந்த மற்றோர் ஆய்வில், மக்கள் பெறும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதும், அதில் பெரும்பங்கு வெள்ளையரிசி என்பதும் தெரியவந்தன. இத்தகைய தானியத்தை மிகுதியாக உண்டவர்களிடம் நீரிழிவு கூடுதலாக இருந்தது. தவிடு நீங்கிய அரிசியில் நார்ச்சத்து இல்லை. அது விரைவில் குளுக்கோசாக இரத்தத்தில் இறங்குகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்புகிறது. உழைத்துக் களைத்த தசை அதை வாங்கிக்கொள்ளும். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவரின் தசையில் இடம் இல்லை, எனவே மிச்சம் கொழுப்பாகி வயிற்றிலும் கல்லீரலிலும் சேர்கிறது. அந்தக் கொழுப்பு இன்சுலினின் வேலையை மேலும் மந்தமாக்குகிறது. அன்று பெரிபெரியில் செல்லுக்குள் போன குளுக்கோசு முழுதாக எரியவில்லை. இன்று குளுக்கோசு செல்லுக்குள் போகவே தயங்குகிறது. இரண்டிலும் மூலப்பொருள் ஒன்றே.

புழுங்கலரிசி அன்று காத்ததுபோல இன்றும் காக்குமா என்று பலர் கேட்கிறார்கள். புழுங்கலரிசியிலும் இப்போது கடையில் கிடைப்பது மல்லிகைப்பூ போல வெளுக்கத் தீட்டியது. தயமின் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும், ஆனால் நார்ச்சத்து தவிட்டோடு போய்விட்டது. ஆகவே சர்க்கரை நோய்க்கு அது பெரிய காவல் அல்ல. அளவு பார்க்காமல் உண்ணலாம் என்று நினைப்பது தவறு. தீட்டாத அரிசிக்கு மாறியவர்களின் இரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாகச் சென்னையில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. 2006 இல் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டு பார்த்ததில், உணவுத் திருத்தமும் நடைப்பயிற்சியும் மேற்கொண்டவர்களிடம் நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் தந்த பிரிவிலும் ஏறக்குறைய அதே பலன்தான்.

அரிசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முறையல்ல. விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடி பக்கத்து மானாவாரி ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன் அன்றாட உணவு கம்பு, கேழ்வரகு, வரகு. நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. 1967 இல் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கி 2011 இல் விலையில்லா அரிசி வரை வந்த அரசுத் திட்டங்கள் பட்டினியை விரட்டின. பட்டினி கண்ட தலைமுறைக்கு வெள்ளைச் சோறு என்பது மரியாதையும்கூட. கூழ் குடித்தவரின் பேரன் கூழை இகழ்ந்ததில் வியப்பில்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் சத்துக் குறைந்து வளர்ந்த உடல், பின்னால் மிகுதியான உணவைச் சந்திக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது என்று பூனா முதலிய இடங்களில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. கார்னிஷ் கண்ட பசிக்கும் இன்றைய சர்க்கரைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கக்கூடும்.

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் நினைவுக்கு வரும். வேளாண்மைத் துறையினருக்கு நினைவு வருவது வேர்க்கடலை. இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட விஆர்ஐ வகைகள் மாநிலமெங்கும் பயிராகின்றன. பெரிபெரியைத் தடுக்கும் தயமின் வேர்க்கடலையில் நிறைய உண்டு, புரதமும் உண்டு. அவித்த கடலை ஒரு கைப்பிடி சேர்ந்தால் அதே அளவுக்குச் சோறு குறையும். நீரிழிவாளர்களும் அளவோடு உண்ணத்தக்கது அது. வறுக்கும்போது தயமினில் ஒரு பகுதி அழிந்துவிடும் என்பதால் அவிப்பது நல்லது.

தவிட்டோடு நீக்கியதைத் திரும்பச் சேர்க்கும் முயற்சியும் நடந்துள்ளது. நெல்லூரில் பிறந்த வில்லியம்சு 1940களின் இறுதியில் பிலிப்பைன்சின் பட்டான் பகுதியில் தயமின் ஏற்றிய அரிசியைக் கலந்து கொடுத்துப் பெரிபெரிச் சாவுகளைக் குறைத்தார். அதே முறையில்தான் நியாயவிலைக் கடைகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கப்பட்டது. அரிசி மாவோடு சத்துகளைப் பிசைந்து அரிசி வடிவில் வார்த்த மணிகளை 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்தார்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் கட்டாயம். தயமின் விரும்பினால் சேர்க்கலாம் என்ற பட்டியலில் இருக்கிறது. கழுவும்போது இந்த மணிகள் சில மிதப்பதைக் கண்டு பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. எறிய வேண்டாம். அவை அரிசி மாவால் ஆனவைதான், சத்து இருப்பது அவற்றில். பலமுறை கழுவாமல் ஒருமுறை அலசி, கஞ்சியை வடித்துக் கொட்டாமல் அளவாக நீர் வைத்துப் பொங்கினால், ஏற்றிய சத்தும் இயல்பாக உள்ள தயமினும் பானையிலேயே நிற்கும்.